வீட்டுல சொல்லிப்போடுவீங்களா?

2017 மே மாதத்துக்கு முன்பெல்லாம் பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் நாளில் தமிழ்நாடே நாமக்கல் பக்கம் திரும்பிப் பார்க்கும். மாநிலத்தில் முதலிடம், மாவட்டத்தில் முதலிடம், கணிதத்தில் 200, வேதியியலில் 200 என்று மறுநாள் நாளிதழ்களில் பக்கம் பக்கமாக மாணவர் முகங்கள் வரும். கோழிப்பண்ணைகள் நிறைந்த அந்த மாவட்டத்தில், விடுதியோடு கூடிய தனியார் பள்ளிகளுக்கு ‘பிராய்லர் பள்ளி’ என்றே பெயர் விழுந்தது. பல இடங்களில் பிளஸ் ஒன் பாடத்தைக் கிடப்பில் போட்டுவிட்டு இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே ஓட்டினார்கள். அந்த மே மாதம்தான் முதலிடம் அறிவிப்பதை அரசு நிறுத்தியது. பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிப்போகும் குறுக்குவழியை அடைக்க 2018 மார்ச்சில் அந்த வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025இல் மாநிலக் கல்விக் கொள்கையோடு அது விலக்கிக்கொள்ளப்பட்டது. நீட் கட்டாயமான பிறகும் விடுதிகள் காலியாகவில்லை. விளம்பரப் பலகைகளில் ‘நீட்’ என்ற சொல் சேர்ந்துகொண்டது, அவ்வளவே.

இந்தப் பள்ளிகளைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. அங்கிருந்து வெளியேறிய பிள்ளை கல்லூரிக்குப் போனதும் என்ன ஆகிறார் என்பதை எழுதியவர்கள் குறைவு. விடிகாலை மணியில் தொடங்கி இரவுப் படிப்பு முடியும்வரை எப்போது குளிப்பது, எப்போது சாப்பிடுவது, எந்தப் பக்கத்தை மனப்பாடம் செய்வது என எல்லாவற்றையும் யாரோ முடிவு செய்து கொடுத்தார்கள். கல்லூரியில் ஒரே நாளில் அந்த அட்டவணை காணாமல் போகிறது. பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது. வகுப்பில் எல்லோருமே ஏதோ ஒரு பள்ளியில் முதல் மாணவர். முதல் செமஸ்டரில் கணிதம் அரியர் விழுந்தால், அதுவரை ‘நல்லாப் படிக்கிற பையன்’ என்பதைத் தவிர வேறு அடையாளமே இல்லாத ஒருவருக்கு விழுவது தாள் மட்டுமல்ல.

திருச்செங்கோடு, ராசிபுரம், குமாரபாளையம், சேலம் என்று இந்தச் சமவெளியில் பொறியியல், கலை அறிவியல், செவிலியர், மருந்தியல் கல்லூரிகள் நிறைந்து கிடக்கின்றன. விசைத்தறி ஓட்டுகிறவர், போர்வெல் வண்டியோடு ஆறு மாதம் வடமாநிலம் போகிறவர், லாரி ஓட்டுநர், ஜவ்வரிசி ஆலைத் தொழிலாளி ஆகியோரின் பிள்ளைகள் இவற்றில் படிக்கிறார்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையும், 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும், 2024இல் வந்த தமிழ்ப்புதல்வன் திட்டமும் அவர்களைக் கல்லூரி வாசல்வரை கொண்டுவந்திருக்கின்றன. பெருமைப்பட வேண்டிய சேதிதான். ஆனால் அரியர் என்றால் என்ன, இன்டர்னல் மார்க் ஏன் குறைந்தது, வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே போனால் என்ன ஆகும் என்று வீட்டில் யாரிடம் பேசுவது? அப்பா அம்மாவுக்குப் பாசம் நிறைய உண்டு. செமஸ்டர் எழுதிய அனுபவம் கிடையாது. “நாங்க படாத பாடா? படிக்கிறது ஒண்ணுதானே உனக்கு வேலை” என்பார்கள். அதற்கு மேல் அந்தப் பிள்ளை எதுவும் பேசாது.

வயதும் இங்கே ஒரு காரணம். ரொனால்டு கெஸ்லர் குழு அமெரிக்காவில் நடத்தி 2005இல் வெளியிட்ட பெரிய ஆய்வின்படி, வாழ்நாளில் வரும் மனநலக் கோளாறுகளில் பாதி 14 வயதுக்குள்ளும் முக்கால்வாசி 24 வயதுக்குள்ளும் தலைகாட்டிவிடுகின்றன. அந்தப் பத்து ஆண்டுகளின் நடுவில்தான் கல்லூரி இருக்கிறது. உணர்ச்சியையும் வெகுமதியையும் கையாளும் மூளைப் பகுதிகள் முன்னதாகவே சுறுசுறுப்பாகிவிடுகின்றன. திட்டமிடுவது, அடக்கிக்கொள்வது ஆகியவற்றைப் பார்க்கும் முன்புறப் புறணி முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிறது. தூக்கம் வரும் நேரமும் இந்த வயதில் இயல்பாகவே பின்தள்ளிப் போகிறது. பதினெட்டு வயதுக்காரர் இரவு ஒரு மணிக்கு முழித்திருப்பதற்குச் செல்பேசி மட்டும் காரணமல்ல.

எல்லாச் சோர்வும் நோயல்ல. தேர்வுக்கு முன் வயிறு கலங்குவதும், காதல் முறிந்தால் பத்து நாள் சோறு இறங்காததும் மனித இயல்பு. இரண்டு வாரத்துக்கும் மேலாக, நாளின் பெரும்பகுதி, பிடித்த காரியங்களில்கூட நாட்டமில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, கவனம் நிலைக்காமல் ஒருவர் இருந்தால் அது வேறு. ‘பிஎச்கியூ-9’ என்ற ஒன்பது கேள்விப் பட்டியல் இதைச் சலித்துப் பார்க்கப் பயன்படுகிறது. மொத்தம் 27 மதிப்பெண். பத்தோ அதற்கு மேலோ வந்தால் நேரில் ஒருவர் உட்கார்ந்து பேச வேண்டும். சிக்கல் என்னவென்றால், நம் ஊரில் யாரும் ‘எனக்கு மனச்சோர்வு’ என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. “தலைவலி தீரவே மாட்டேங்குது”, “நெஞ்சு படபடன்னு அடிக்குது”, “வயித்துல எரிச்சல்”, “ஒரு மாதிரியா இருக்கு” என்றுதான் வருவார்கள். முதலில் மருந்துக்கடை, பிறகு ஒரு டாக்டர், சத்து மாத்திரை, வாயு மாத்திரை, அதன் பிறகு கோயிலில் மந்திரிப்பு. மந்திரிப்பதை நான் ஏளனம் செய்ய மாட்டேன். தன்னைக் குடும்பமே தூக்கிச் சுமக்கிறது என்ற உணர்வை அது தருகிறது. ஆனால் அதோடு நின்றுபோனால் ஒரு செமஸ்டர் கைவிட்டுப் போயிருக்கும்.

சரி, உளவியல் ஆலோசகர் அறையில் உண்மையில் என்னதான் நடக்கிறது? அறிவுரை சொல்வார்கள் என்று நினைத்துத்தான் பாதிப்பேர் போவதில்லை. அறிவுரைக்கு நம்மிடம் பஞ்சமே கிடையாது. பேருந்து நிறுத்தத்தில்கூட இலவசமாகக் கிடைக்கும். பயிற்சி பெற்ற ஆலோசகர் செய்வது கிட்டத்தட்ட அதற்கு நேர்மாறு.

ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். பள்ளிபாளையம் பக்கம், தறிக்காரர் மகள், தமிழ்வழியில் படித்துப் பொறியியலுக்கு வந்தவள். இரண்டு தாள் அரியர். ஒரு மாதமாக மெஸ்ஸுக்குப் போவதில்லை, வகுப்புக்கும் பாதி நாள் போவதில்லை, அறைத்தோழிகளோடு பேச்சும் குறைந்துவிட்டது. நல்ல ஆலோசகர் முதல் அமர்வில் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பார். அவள் சொன்னதைச் சுருக்கித் திருப்பிச் சொல்லி, சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்ப்பார். “கடுப்பா இருக்கு” என்கிற ஒற்றைச் சொல்லுக்குள் பயம் எவ்வளவு, வெட்கம் எவ்வளவு, கோபம் எவ்வளவு என்று பிரித்துப் பெயரிட வைப்பார். இதற்கு மூளையளவில் ஓர் ஆதாரம் உண்டு. மாத்யூ லீபர்மன் குழு 2007இல் வெளியிட்ட ஸ்கேன் ஆய்வில், உணர்ச்சியைச் சொல்லால் குறிக்கும்போது அச்சத்தைக் கிளப்பும் அமிக்டலாவின் வேகம் தணிந்தது. முன்புறப் புறணியின் ஒரு பகுதி வேலை செய்யத் தொடங்கியது. பேசினால் பாரம் குறையும் என்பதற்கு இதுவும் ஒரு விளக்கம்.

அடுத்து வருவது செயல். “மனசு சரியானதும் கிளாஸுக்குப் போறேன் மேடம்” என்பாள் அவள். அங்கேதான் முடிச்சு இருக்கிறது. மனம் சோர்ந்ததால் அறைக்குள் முடங்குகிறாள். முடங்கியதால் சிரிப்பு, சாப்பாடு, சின்ன வெற்றி, தோழியின் கிண்டல் எதுவும் கிடைப்பதில்லை. கிடைக்காததால் மனம் இன்னும் சோர்கிறது. இந்தச் சுழலை மனத்தின் பக்கமிருந்து உடைப்பது கடினம், செயலின் பக்கமிருந்து உடைப்பது ஓரளவு எளிது. ஆகவே ஆலோசகர் வாரத்துக்கு ஒரு தாள் கொடுப்பார். எந்த நேரத்தில் என்ன செய்தாள், அப்போது மனநிலை பத்துக்கு எத்தனை என்று அவளே குறிக்க வேண்டும். காலை டிபனுக்கு மெஸ்ஸுக்குப் போன நாளில் மூன்று நான்காகியிருப்பதை அவளே கண்டுபிடிப்பாள். பிறகு அந்தச் செயல்களைத் திட்டமிட்டுக் கூட்டுவது. முதல் வாரம் ஒரே ஒரு வகுப்பு, மூன்றாவது வாரம் அரியர் தாளில் ஒரே ஒரு யூனிட். கேட்பதற்கு அற்பமாகத் தெரியும். மனச்சோர்வுக்கு உலகில் மிக நன்றாகச் சோதிக்கப்பட்ட வழிகளில் இதுவும் ஒன்று.

இதற்கான வலுவான சான்று நம் நாட்டிலிருந்தே வந்திருக்கிறது. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் விக்ரம் படேல் குழு, மனநலப் பட்டம் ஏதும் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆறு முதல் எட்டு அமர்வுகளில் இதே முறையைச் செய்ய வைத்தது. 2017இல் லான்செட் இதழில் வந்த முடிவு: மூன்று மாதத்தில் ஆலோசனை பெற்றவர்களில் 64 விழுக்காட்டினர் மனச்சோர்விலிருந்து வெளியே வந்தனர், வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்களில் 39 விழுக்காட்டினர். அங்கே பங்கெடுத்தவர்கள் பெரியவர்கள், கல்லூரி மாணவர்கள் அல்ல என்பதை மறக்கக் கூடாது. இளையோரிடமும் ஒரு சோதனை நடந்தது. டெல்லி அரசுப் பள்ளிகளில் 250 மாணவர்களோடு, சிக்கலைப் படிப்படியாகப் பிரித்துத் தீர்க்கும் முறையைச் சோதித்தார்கள். மாணவர்கள் தாங்களாகவே ‘இதுதான் என் பிரச்சினை’ என்று குறித்தவை குறைந்தன. நோய்க்குறிகளை அளக்கும் பொது அளவுகோலில் உடனடியாகப் பெரிய மாற்றம் தெரியவில்லை. ஆலோசனையால் பலன் உண்டு, அது மந்திரக்கோல் அல்ல என்பதே இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் சேதி.

தேர்வு பயத்துக்கும் ஒரு வார்த்தை. கணக்குப் போடும்போது எண்களை மனத்தில் பிடித்து வைத்திருக்கும் நினைவகம் அளவில் சிறியது. ‘பெயிலாகிட்டா அப்பா முகத்துல எப்படி முழிக்கிறது’ என்ற கவலையும் அதே இடத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. தேர்வுக்கு முன் பத்து நிமிடம் அந்தக் கவலையைத் தாளில் எழுதிக் கொட்டினால் மதிப்பெண் ஏறுகிறது என்று 2011இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்து பேர் வாங்கியது. பின்னர் பெரிய அளவில் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. உளவியலில் இது அடிக்கடி நடக்கிறது. ஆகவே யூடியூபில் ‘ஐந்தே நிமிடத்தில் தேர்வு பயம் போக்க’ என்று வருவதை எல்லாம் நம்பி இறங்க வேண்டாம்.

ஆலோசனை மட்டும் போதாத நிலைகளும் இந்த வயதில்தான் தொடங்குகின்றன. யாரோ தன்னைப் பேசுகிறார்கள் என்று குரல் கேட்பது, நாள்கணக்கில் தூங்காமல் தலைகால் புரியாத உற்சாகத்தில் திரிவது போன்றவற்றை மனநல மருத்துவர் பார்க்க வேண்டும், அதுவும் தாமதிக்காமல். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல்லிலும் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. “மாத்திரை போட்டா அதுக்கே அடிமையாயிருவோம்” என்ற பயம் ஊர் முழுக்க உண்டு. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் போதைப்பொருள்போல அடிமைப்படுத்துவதில்லை. ஆனால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நினைத்த நாளில் சட்டென்று நிறுத்தவும் கூடாது. 25 வயதுக்குட்பட்டவர்களை முதல் சில வாரங்கள் மருத்துவர் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு பயம் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உண்டு: சாகணும்னு தோணுதா என்று கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ? இதைப் பற்றி நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான கட்டுரை, கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதாகச் சான்றில்லை என்கிறது. கேட்பது நிம்மதி தருவதாகவே தெரிகிறது. கேட்டு, ஆமாம் என்று பதில் வந்தால் தனியே விடக் கூடாது. ஆலோசகர் அவரோடு உட்கார்ந்து ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதுவார். எண்ணம் வருவதற்கு முன் தெரியும் அறிகுறி என்ன, அப்போது தனியாக என்ன செய்யலாம், யாரோடு போய் உட்காரலாம், யாரிடம் உதவி கேட்கலாம், எந்த எண்ணுக்கு அழைக்கலாம், ஆபத்தான பொருள்கள் கைக்கு எட்டாமல் இருக்க யார் என்ன செய்வது என எல்லாம் அந்தத் தாளில் இருக்கும். அந்த எண்ணத்தின் அலை பெரும்பாலும் கொஞ்ச நேரமே உச்சத்தில் நிற்கிறது. அந்த நேரத்தைக் கடத்திவிட்டால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள்.

இவ்வளவு தெரிந்தும், ஆலோசகர் இருக்கிற கல்லூரியிலேயே ஏன் மாணவர்கள் போவதில்லை? நாம் கற்பனை செய்த மாணவி உட்கார்ந்ததும் முதலில் கேட்பது “வீட்டுல சொல்லிப்போடுவீங்களா மேடம்?” என்றுதான். மற்ற எல்லாமே இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தது என்பது என் எண்ணம்.

பல கல்லூரிகளில் ஆலோசகர் என்று தனியாக ஒருவர் இல்லை. வகுப்பாசிரியர்தான் ‘மென்டர்’. இருபது மாணவருக்கு ஒருவர். அவரே இன்டர்னல் மார்க் போடுகிறார், அவரே வருகைப்பதிவு எடுக்கிறார், அவரே பெற்றோருக்குப் போன் செய்கிறார். சந்தித்த தேதி, மாணவர் பெயர், பிரச்சினை, எடுத்த நடவடிக்கை என்று ஒரு நோட்டு. அதில் துறைத்தலைவர் கையெழுத்து. தரமதிப்பீட்டுக் குழு வரும்போது அந்த நோட்டு மேசைமேல் வைக்கப்படும். இந்த ஆசிரியர்களில் தங்கமானவர்கள் பலர். சொந்தப் பணத்தில் பீஸ் கட்டியவர்களும் உண்டு. ஆனாலும் மார்க் போடுகிற கையிடம் ரகசியம் கொடுக்க யாருக்கும் துணிவு வராது. தொழில் நெறிப்படியும் இந்த இரண்டு வேடத்தையும் ஒருவர் போடக் கூடாது.

வீடும் இங்கே எளிய விஷயமல்ல. பொண்ணுக்கு மனசு சரியில்லை என்று ஊருக்குத் தெரிந்தால் நாளைக்கு வரன் அமையுமா என்ற கவலை உண்மையானது. அதைவிடக் கொடியதும் உண்டு. 2015 ஜூனில், ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், தன்னோடு படித்த வேறு சாதிப் பெண்ணுடன் திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் பேசிக்கொண்டிருந்தார் என்பதற்காகக் கடத்திக் கொல்லப்பட்டார். கொலையாளிகளுக்கு மதுரை சிறப்பு நீதிமன்றம் 2022இல் ஆயுள் தண்டனை விதித்தது. அந்த நிலத்தில் படிக்கிற ஒரு மாணவர், தன் காதலைப் பற்றியோ சாதியால் பட்ட அவமானத்தைப் பற்றியோ கல்லூரிக்குள் ஒருவரிடம் வாய் திறக்க வேண்டுமானால், சொன்னது அந்த அறையைத் தாண்டாது என்ற உறுதி வேண்டும். ரகசியம் காப்பது இங்கே மரியாதை சம்பந்தப்பட்ட காரியம் மட்டுமல்ல, உயிர் சம்பந்தப்பட்டதும்கூட.

சட்டம் பாதி தூரம் வந்திருக்கிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, சிகிச்சை பெறுகிறவரின் தகவலை ரகசியமாக வைத்திருக்கும் கடமையை நலப்பணியாளர்களுக்கு விதிக்கிறது; உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளுக்கு மட்டும் விலக்கு. அதே சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து மருத்துவமனையில் பொய்க்காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ‘மென்டர்’ வேலையையும் சேர்த்துப் பார்க்கிற வகுப்பாசிரியரை ரகசியக் கடமை கட்டுப்படுத்துகிறதா என்றால், அங்கேதான் ஓட்டை.

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம், விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சி பெற்றுவந்த ஒரு மாணவியின் மரண வழக்கில், நாடு முழுமைக்குமான வழிகாட்டு நெறிகளை வகுத்தது. நூறு அல்லது அதற்கு மேல் மாணவர் படிக்கிற எந்த நிறுவனமும் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும். மதிப்பெண்ணை வைத்து மாணவரைத் தனித்தனி வகுப்பாகப் பிரிப்பதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். ‘டாப் பேட்ச்’ வைத்தே வளர்ந்த நம் பகுதிக்கு இந்த இரண்டாவது நெறி நேராகவே பொருந்தும். 2022இல் நாட்டில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர். தேர்வுத் தோல்வி காரணமாகப் பதிவானவை 2,248 என்ற தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கு தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்டது. மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ற அளவில் ஆலோசகர்கள் வேண்டும் என்றும் தீர்ப்பு சொல்கிறது. எத்தனை பேருக்கு ஒருவர் என்று எண் குறிக்கவில்லை. நூறு பேருக்கும் ஒருவர், ஐயாயிரம் பேருக்கும் ஒருவர் என்றால் அது போஸ்டர் ஒட்டுவதற்குச் சமம்.

ஆலோசகர் இல்லாமலே உயிர் காத்த சீர்திருத்தமும் தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது. 1986இல் சென்னையில் சிநேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமார் வலியுறுத்தியவற்றில் ஒன்று, தோற்ற மாணவர் ஒரு வருடம் காத்திருக்காமல் உடனடித் தேர்வு எழுதி அதே ஆண்டில் கல்லூரியில் சேர வழி செய்வது. அது வந்த பிறகு தேர்வுத் தோல்வியால் நேரும் மரணங்கள் குறைந்தன. இந்தப் பாடத்தைக் கல்லூரிகள் அரியர் விஷயத்தில் எடுத்துக்கொள்ளலாம்: முடிவு வந்த சில வாரங்களுக்குள் ஒரு மறுவாய்ப்பு, அரியர் பட்டியலை அறிவிப்புப் பலகையில் பெயரோடு ஒட்டாமல் இருப்பது. இரண்டுக்கும் பெரிய செலவு இல்லை. மாணவர் மனநலத்துக்காக 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘மனம்’ என்ற ஆதரவு மன்றங்களும் முதலில் மருத்துவக் கல்லூரிகளுக்குத்தான் வந்தன. திருச்செங்கோட்டுப் பொறியியல் மாணவருக்கும் ராசிபுரத்துக் கலைக்கல்லூரி மாணவிக்கும் தேவை கொஞ்சமும் குறைந்ததல்ல.

ஜூன் மாதம் பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர் பிளேஸ்மென்ட் எத்தனை, பஸ் எத்தனை மணிக்கு, மெஸ்ஸில் முட்டை உண்டா என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். அதோடு மூன்று கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். முழுநேர ஆலோசகர் இருக்கிறாரா? அவர் வகுப்பும் எடுக்கிறாரா? அவர் எழுதும் குறிப்பு யார் கைக்குப் போகும்? கல்லூரி தடுமாறினால் புரிந்துகொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் பிள்ளையிடம், “எங்ககிட்டச் சொல்ல முடியாதது இருந்தா அங்க போய்ச் சொல்லு சாமி, நாங்க கேட்டுக்க மாட்டோம்” என்று ஒரு முறையாவது சொல்லிவிடுங்கள்.

கல்லூரியில் யாரும் இல்லையென்றால் 14416. ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் 2022 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் இயங்கும் மனநல உதவி எண் இது, 104க்கும் அழைக்கலாம். இரவு இரண்டு மணிக்கும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.